ஹோஸ்டிங் நிறுவனம் இணையத்தோடு இணைவது எப்படி? ட்ரான்சிட், பியரிங் பற்றிய முழுமையான வழிகாட்டி

அம்பத்தூரில் உள்ள தரவு மையத்துக்கும் தாம்பரத்தில் உள்ள ஒரு வீட்டுக்கும் சுமார் முப்பது கிலோமீட்டர் தூரம். ஆனாலும் அந்த மையத்தில் இருக்கும் ஒரு தளத்தை அந்த வீட்டில் திறக்கும்போது, தரவு கடலுக்கடியில் சிங்கப்பூர் வரை போய், அங்கே வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி, மறுபடி சென்னைக்கே வந்து சேர்வது உண்டு. சென்னை–சிங்கப்பூர் கேபிள் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். போக 16 மில்லிவிநாடி, வர 16. கோரிக்கையும் பதிலும் இரண்டுமே இந்தச் சுற்று வழியில் போனால் 64 மில்லிவிநாடி வீண். நகருக்குள்ளேயே கைமாறியிருந்தால் சில மில்லிவிநாடிகளில் முடிந்திருக்கும்.

சர்வரை எவ்வளவு வேகமானதாக மாற்றினாலும் இந்தக் குறை தீராது. இரண்டு நெட்வொர்க்குகளும் சென்னையில் எங்கும் சந்திக்கவில்லை என்பதே காரணம். அவற்றை எங்கே, யார் செலவில் சந்திக்க வைப்பது என்பதுதான் ட்ரான்சிட், பியரிங் இரண்டின் விஷயமும். சென்னையில் சில ரேக்குகள் வைத்து நடக்கும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஊர் மாறினால் நிறுவனங்களின் பெயர்கள் மாறும்; வேலையின் வரிசை மாறாது.

முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ட்ரான்சிட் என்றால், ஒரு பெரிய நெட்வொர்க்குக்குப் பணம் கொடுத்து இணையம் முழுவதற்கும் வழி வாங்குவது. உலகில் எந்த முகவரிக்கு உங்கள் தரவு போக வேண்டுமானாலும் அதைக் கொண்டு சேர்ப்பதும், உங்கள் முகவரிகள் இங்கே இருக்கின்றன என்று உலகத்துக்கு அறிவிப்பதும் அவர்கள் பொறுப்பு. பியரிங்கில் இரண்டு நெட்வொர்க்குகள் தங்களுக்குள் மட்டும் நேரடியாகத் தரவைப் பரிமாறிக்கொள்கின்றன. பெரும்பாலும் ஒருவருக்கொருவர் பணம் தருவதில்லை. பியரிங் செய்பவர் தன் முகவரிகளையும் தன் வாடிக்கையாளர்களின் முகவரிகளையும் மட்டுமே உங்களுக்குக் காட்டுவார். அவர் வழியாக மூன்றாம் நெட்வொர்க்குக்குப் போக முடியாது. அதனால் எத்தனை பியரிங் வைத்திருந்தாலும் ட்ரான்சிட் இல்லாமல் ஒரு சாதாரண ஹோஸ்டிங் நிறுவனத்தால் இயங்க முடியாது.

முதல் படி: சொந்த எண், சொந்த முகவரி

தரவு மையம் தரும் முகவரிகளை வைத்தே தொழில் நடத்தும்வரை இந்த வழிகாட்டியின் மற்ற பகுதிகளுக்கு வேலையே இல்லை. பாதையைத் தீர்மானிப்பது அவர்கள். நீங்கள் வாடகைக்கு இருப்பவர். உங்களுக்கென்று ஒரு ஏ.எஸ். எண்ணும் (இணையத்தில் உங்கள் நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்) ஐ.பி. முகவரித் தொகுதியும் வேண்டும். இந்தியாவில் இவற்றை நிக்ஸி அமைப்பின் கீழ் இயங்கும் ஐ.ஆர்.ஐ.என்.என். பதிவகத்தில் பெறலாம், அல்லது ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஏ.பி.நிக் அமைப்பில் நேரடியாக உறுப்பினராகலாம். பழைய முகவரி முறையான ஐ.பி.வி.4-இல் முகவரிகள் தாராளமாகக் கிடைத்த காலம் 2011 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. 2019 முதல் ஏ.பி.நிக் புதிய உறுப்பினருக்கு அதிகபட்சமாக ஒரு /23 தருகிறது, அதாவது 512 முகவரிகள். இணையத்தில் தனியாக அறிவித்தால் எல்லோரும் ஏற்கும் மிகச் சிறிய அளவு /24, அதாவது 256 முகவரிகள். ஆக, உங்கள் கையில் இருப்பது இரண்டு துண்டுகள். புதிய முறையான ஐ.பி.வி.6 தொகுதியையும் அப்போதே வாங்கிவிடுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், எல்லாக் கருவிகளையும் இரண்டாம் முறை அமைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: ட்ரான்சிட்டைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு ட்ரான்சிட்டை நம்பி ஹோஸ்டிங் நடத்தக் கூடாது. காரணம் கேபிள் அறுந்துபோவது மட்டுமல்ல. 2008 அக்டோபர் 30 அன்று ஸ்பிரின்ட் நிறுவனம் கோஜென்ட் நிறுவனத்தோடு இருந்த இணைப்பைத் துண்டித்தது. இரண்டுமே பெரிய நெட்வொர்க்குகள். கேபிள் எதுவும் அறுந்துபோகவில்லை. ஆனால் ஸ்பிரின்டை மட்டுமே நம்பியிருந்தவர்களாலும் கோஜென்டை மட்டுமே நம்பியிருந்தவர்களாலும் சில நாட்களுக்கு ஒருவரையொருவர் அடைய முடியவில்லை. இரண்டு வழிகள் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். ஐ.பி.வி.6 உலகில் கோஜென்டுக்கும் ஹரிகேன் எலக்ட்ரிக்குக்கும் இடையே இதே போன்ற பிளவு பல ஆண்டுகள் நீடித்தது. பியரிங் செய்யும்படி கேட்டு 2009-இல் ஹரிகேன் எலக்ட்ரிக் ஒரு கேக்கின் மேலேயே எழுதிக் காட்டியது. அதற்கும் பதில் கிடைக்கவில்லை. ட்ரான்சிட் வாங்கினால் முழு இணையமும் வந்துவிடும் என்ற நினைப்பை, குறிப்பாக ஐ.பி.வி.6 விஷயத்தில், சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

இரண்டு ட்ரான்சிட்டில் எது எது? விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் பெரும்பாலானோர் செய்வது. நான் வேறு கேள்வியை முதலில் வைப்பேன்: உங்கள் தளங்களைப் பார்ப்பவர்கள் எந்த நிறுவனத்தின் இணைப்பில் இருக்கிறார்கள்? வீடுகளையும் கைபேசிகளையும் இணைக்கும் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள், சிறிய ஹோஸ்டிங் நிறுவனத்தோடு இலவசப் பியரிங்குக்குப் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுடைய பயனர்களை நேராக அடைய நடைமுறையில் உள்ள வழி, அவர்களிடமே ட்ரான்சிட் வாங்குவதுதான். ஆகவே உள்ளூர்ப் பயனர்கள் அதிகம் உள்ள ஒரு நெட்வொர்க்கிடம் ஒன்றும், உலகெங்கும் பரவிய டாடா கம்யூனிகேஷன்ஸ், என்.டி.டி., அரேலியன் போன்ற ஒரு நெட்வொர்க்கிடம் மற்றொன்றும் வாங்குவது நல்ல தொடக்கம். இரண்டு உலக நெட்வொர்க்குகளை வாங்கிவிட்டு உள்ளூர் நெட்வொர்க்கை விட்டுவிட்டால், கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சிங்கப்பூர்ச் சுற்றுதான் மிஞ்சும்.

கையெழுத்திடும் முன் விற்பனையாளரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள். உங்கள் மையத்திலிருந்து அவருடைய முதல் ரவுட்டர் எங்கே இருக்கிறது? ஃபைபர் எந்தத் தெரு வழியாக வருகிறது? இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே குழாயில் வந்தால், சாலை தோண்டும் ஓர் இயந்திரம் இரண்டையும் ஒரே நொடியில் அறுத்துவிடும். பில் மட்டும் இரண்டாக வந்துகொண்டிருக்கும். வெளிநாட்டுக்கு அவர்கள் எந்தக் கடல் கேபிள்களில் இடம் வைத்திருக்கிறார்கள்? 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாண்டிரியா அருகே மத்தியதரைக் கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலிருந்து மேற்கே போகும் கொள்ளளவில் பெரும் பகுதி போய்விட்டது. கிழக்கே சிங்கப்பூர், பசிபிக் வழியாக மாற்றுப் பாதை வைத்திருந்த நிறுவனங்களே முதலில் நிமிர்ந்தன. இன்னும் ஒன்று: பி.ஜி.பி. (நெட்வொர்க்குகள் தங்கள் வழிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் நெறிமுறை) கம்யூனிட்டிகளின், அதாவது வழிகளோடு சேர்த்து அனுப்பும் குறிப்பு எண்களின், பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். அந்தப் பட்டியலைத் தர முடியாத நிறுவனத்திடம் விலை குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ரவுட்டர் பற்றிச் சுருக்கமாக. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்று அது வைத்திருக்கும் பட்டியல்தான் அட்டவணை. இன்று ஐ.பி.வி.4 முழு அட்டவணையில் பத்து லட்சத்தை ஒட்டிய வழிகள் இருக்கின்றன. 2014 ஆகஸ்ட் 12 அன்று அந்த எண்ணிக்கை 5,12,000-ஐத் தாண்டியபோது, அந்த அளவுக்கு மட்டுமே நினைவகம் ஒதுக்கியிருந்த பழைய ரவுட்டர்கள் உலகமெங்கும் தடுமாறின. முழு அட்டவணையைத் தாங்கும் கருவி இல்லை என்றால், இரண்டு ட்ரான்சிட்டிடமும் அவர்களின் வாடிக்கையாளர் வழிகளையும் மற்ற எல்லா முகவரிகளுக்கும் பொதுவான ஒரு டீஃபால்ட் வழியையும் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். சிறிய நிறுவனத்துக்கு அது தாராளமாகப் போதும்.

மூன்றாம் படி: பில் எப்படிப் போடப்படுகிறது என்று புரிந்துகொள்வது

ட்ரான்சிட் பெரும்பாலும் 95-ஆம் சதமான முறையில் கணக்கிடப்படுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் போர்ட்டின் வேகம் பதிவாகும். 30 நாள் மாதத்தில் 8,640 பதிவுகள். அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலே உள்ள 5 சதவீதத்தை, அதாவது 432 பதிவுகளை, ஒதுக்கிவிடுவார்கள். அடுத்து நிற்கும் எண்ணுக்கே பில். 432 பதிவுகள் என்றால் 36 மணி நேரம். மாதத்தில் 36 மணி நேரம் வரை எவ்வளவு வேகத்தில் அனுப்பினாலும் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இதை மனதில் வைத்து இரவு நேர பேக்கப்பைப் பாருங்கள். தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 30 மணி நேரம், பில்லில் தெரியாது. அதே பேக்கப் இரண்டு மணி நேரம் ஓடினால் 60 மணி நேரம். அந்த உச்ச வேகமே உங்கள் மாதக் கட்டணமாகிவிடும். பேக்கப்பின் வேகத்தைக் குறைத்து இரவு முழுவதும் பரப்பி ஓடவிடுவதா, வேகமாக ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பதா என்பதை இந்தக் கணக்கே தீர்மானிக்க வேண்டும். ஹோஸ்டிங்கில் வெளியே போகும் தரவுதான் அதிகம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் உள்ளே, வெளியே என்ற இரண்டில் பெரியதையே எடுத்துக்கொள்வதால், உள்வரும் திசையில் உங்களிடம் எப்போதும் மிச்சம் இருக்கும். வாடிக்கையாளர்களின் பேக்கப்பை உள்வாங்கும் சேவை ஒன்றைத் தொடங்க நினைத்தால் அந்த மிச்சம் கைகொடுக்கும்.

குறைந்தபட்சமாக இவ்வளவு வாங்குவேன் என்று ஒப்புக்கொள்ளும் கமிட் அளவை, இப்போதைய பயன்பாட்டுக்கு நெருக்கமாகவே வையுங்கள். அதிகக் கமிட்டுக்கு ஒரு மெகாபிட் விலை குறையும் என்ற ஆசை காட்டுவார்கள். அடுத்த படிகளில் பியரிங்குக்கு மாறும் தரவு இந்தக் கமிட்டிலிருந்துதான் கழிய வேண்டும். மூன்று ஆண்டுக் கமிட்டில் மாட்டிக்கொண்டால் பியரிங்கில் மிச்சப்படுத்த ஒன்றும் இருக்காது.

நான்காம் படி: தரவு எங்கே போகிறது என்று அளப்பது

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராகப் பரிமாற்ற மையத்தில் போர்ட் வாங்குகிறவர்களே அதிகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ரவுட்டரில் தரவு எங்கே போகிறது என்று பதிவுசெய்யும் நெட்ஃப்ளோ அல்லது எஸ்ஃப்ளோவை இயக்கி, ஆயிரம் பாக்கெட்டுக்கு ஒன்று என்ற அளவில் மாதிரி எடுத்தாலே போதும். பிமாக்ட், அக்வொராடோ போன்ற திறந்த மூல மென்பொருள்கள் அதை ஏ.எஸ். எண் வாரியாகப் பிரித்துக் காட்டும். சில வாரங்கள் சேகரித்த பிறகு, உச்ச நேரத்தில் அதிகத் தரவு போகும் முதல் இருபது நெட்வொர்க்குகளின் பட்டியலை எடுங்கள்.

இந்தப் பட்டியல் பலருக்கும் வியப்பாக இருக்கும். வாசகர்கள் எல்லாம் கைபேசி நிறுவனங்களில் இருப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் வாடிக்கையாளர்களில் பலர் தங்கள் தளத்துக்கு முன்னால், அதை வாசகருக்கு அருகிலிருந்து வழங்கும் கிளவுட்ஃபிளேர் சேவையை வைத்திருந்தால், தரவின் பெரும் பங்கு அந்த ஒரே ஏ.எஸ். எண்ணுக்குத்தான் போகும். கிளவுட்ஃபிளேருக்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறது. யாரோடும் பியரிங் செய்யும் திறந்த கொள்கையும் இருக்கிறது. அந்தத் தரவுக்கு ட்ரான்சிட் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பதில் எந்த நியாயமும் இல்லை. தேடுபொறிகள் தளங்களைப் படிக்க அனுப்பும் தானியங்கி நிரல்கள், வேறு கிளவுடுக்குப் போகும் பேக்கப் ஆகியவையும் பட்டியலில் மேலே வரக்கூடும்.

ஐந்தாம் படி: பரிமாற்ற மையத்தில் சேர்வது

பரிமாற்ற மையம் என்பது பல நெட்வொர்க்குகள் ஒரே சுவிட்சில் வந்து கூடும் இடம். ஒரு போர்ட் வாங்கினால் அங்குள்ள நூற்றுக்கணக்கானவர்களோடு பேசலாம். இந்தியாவில் இதற்காக 2003-இல் நிக்ஸி தொடங்கப்பட்டது. முதலில் வந்த நான்கு மையங்களில் சென்னையும் ஒன்று. ஆரம்பக் காலத்தில் நிக்ஸியில், தரவைக் கேட்டுப் பெறும் நெட்வொர்க்கே அதற்குப் பணம் தர வேண்டும் என்ற விதி இருந்தது. அனுப்பும் பக்கமான ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கு அது சாதகம்போலத் தோன்றினாலும், பெறும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அங்கே தரவை மாற்றிக்கொள்ளும் ஆர்வத்தை அது குறைத்தது. ஒரு மையத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அதன் கட்டண விதியே முடிவுசெய்கிறது. இன்று சென்னையில் நிக்ஸியோடு டி.இ.-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐ.எக்ஸ். ஆகியவையும் இருக்கின்றன.

எதில் சேர்வது? பியரிங்டிபி என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு மையத்தின் உறுப்பினர் பட்டியலும் இருக்கிறது. நான்காம் படியில் எடுத்த இருபது பெயர்களை எடுத்து அதோடு ஒப்பிடுங்கள். எங்கே அதிகப் பெயர்கள் பொருந்துகின்றனவோ அங்கே போங்கள். மொத்த உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் தரவு போகாத ஐந்நூறு நெட்வொர்க்குகளைவிட, போகிற ஐந்து நெட்வொர்க்குகள் மேல்.

செலவுக் கணக்கு எளியது. போர்ட் வாடகை, உங்கள் ரேக்கிலிருந்து அவர்கள் ரேக்குக்கு இழுக்கும் கிராஸ் கனெக்ட், மையம் வேறு கட்டடத்தில் இருந்தால் அதுவரை ஃபைபர் ஆகியவற்றைக் கூட்டி, ட்ரான்சிட்டின் ஒரு மெகாபிட் விலையால் வகுக்க வேண்டும். கணக்குக்காக மட்டும், மொத்தம் மாதம் 40,000 ரூபாய், ட்ரான்சிட் மெகாபிட்டுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உச்ச நேரத்தில் 400 மெகாபிட்டாவது அந்த மையத்துக்கு மாற வேண்டும். உச்ச நேரத்தில் என்பது முக்கியம். நடுப்பகலில் மட்டும் மாறும் தரவால், இரவு ஒன்பது மணிக்கு உச்சம் தொடும் ட்ரான்சிட் பில் குறையாது. அதே நேரம், பணத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் சரியல்ல. தாமதம் குறைவதும், நெரிசலான இடைவழிகளைத் தவிர்ப்பதும் வாடிக்கையாளர் நேரடியாக உணரும் பலன்கள். பணக் கணக்கு சமமாக வந்தாலே நான் பியரிங் பக்கம் சாய்வேன்.

சேர்ந்த பிறகு முதலில், உறுப்பினர்களின் வழிகளைத் திரட்டித் தரும் ரவுட் சர்வரோடு பி.ஜி.பி. அமர்வு (தொடர்பு) அமையுங்கள். ஒரே அமர்வில் அங்குள்ள பலரின் வழிகள் வந்துவிடும். மையத்தின் போர்ட்டில் ஒரே ஒரு மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) மட்டும் தெரிய வேண்டும். ஸ்பானிங் ட்ரீ, ப்ராக்ஸி ஏ.ஆர்.பி. போன்ற உள் நெட்வொர்க்குக்கான வசதிகளை அணைத்துவிட வேண்டும். மையத்தின் பொது முகவரித் தொகுதியை வெளியே அறிவிக்கக் கூடாது. யாருடைய முகவரியை நோக்கியும் டீஃபால்ட் வழியைத் திருப்பக் கூடாது, அது அவருடைய ட்ரான்சிட்டைத் திருடுவது.

ஆறாம் படி: நேரடி உடன்பாடுகள்

பெரிய நெட்வொர்க்குகள் பல, ரவுட் சர்வரில் தங்கள் வழிகளை முழுதாக வைப்பதில்லை. அவர்களுக்குத் தனி அமர்வு கேட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்: உங்கள் ஏ.எஸ். எண், எந்த மையத்தில் இருக்கிறீர்கள், உச்ச நேரத்தில் அவர்களுக்குப் போகும் தரவு எவ்வளவு. கடைசி எண்தான் பதிலை வரவழைக்கும். உங்கள் பியரிங்டிபி பக்கம் நிரப்பப்படாமல் இருந்தால் பலர் பதிலே எழுத மாட்டார்கள்.

ஒப்பந்தப் பத்திரம் எதிர்பார்க்காதீர்கள். இணையப் பரிமாற்றங்களை ஆராயும் பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் அமைப்பு 2011-இல் 1,42,000-க்கும் மேற்பட்ட பியரிங் உடன்பாடுகளை ஆராய்ந்தபோது, 99.5 சதவீதம் எழுத்தில் எதுவும் இல்லாமல் வெறும் வாய்ச்சொல்லில் நடப்பதைக் கண்டது. இவ்வளவு பெரிய ஏற்பாடு நம்பிக்கையில் நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மதிப்பு கூடுகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் கடமை எட்டாம் படியில் வருகிறது.

ஒரே நெட்வொர்க்குக்குப் பல கிகாபிட் போகத் தொடங்கினால், பொதுச் சுவிட்சை விட்டு இருவர் ரவுட்டருக்கும் இடையே தனி ஃபைபர் போட்டுக்கொள்ளலாம். தொடக்க நிலையில் அதற்கு அவசரம் இல்லை.

ஏழாம் படி: பாதையைக் கட்டுப்படுத்துவது

வெளியே போகும் பாதை உங்கள் கையில் இருக்கிறது. லோக்கல் பிரிஃபரன்ஸ் மதிப்பை (வழிகளுக்கு உங்கள் ரவுட்டர் தரும் முன்னுரிமை; பெரிய எண்ணே முதலில்) உங்கள் வாடிக்கையாளர்களுக்கு 300, பியரிங்குக்கு 200, ட்ரான்சிட்டுக்கு 100 என்று வைப்பது பொதுவான வழக்கம். அதே முகவரி இரண்டிலும் கிடைத்தால் தரவு பியரிங் வழியே போகும்.

உள்ளே வரும் பாதையை நீங்கள் ஆணையிட முடியாது, வேண்டிக்கொள்ளத்தான் முடியும். உங்கள் ஏ.எஸ். எண்ணைத் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பாதையை நீளமாகக் காட்டுவது எல்லோரும் முதலில் செய்வது. ஆனால் எதிர்த்தரப்பு தன் வாடிக்கையாளர் வழிக்கு அதிக முன்னுரிமை வைத்திருந்தால் நீளத்தைப் பார்க்கவே மாட்டார்கள். அங்கேதான் கம்யூனிட்டிப் பட்டியல் உதவுகிறது: இந்த நெட்வொர்க்குக்கு என் வழியை அறிவிக்காதே, இந்த நாட்டில் முன்னுரிமையைக் குறை என்று ட்ரான்சிட் நிறுவனத்துக்கே சொல்லலாம். /23-ஐ இரண்டு /24-ஆக உடைத்து அறிவிப்பது சட்டென்று வேலை செய்யும். ஆனால் உலகிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரின் அட்டவணையையும் அது நிரப்புகிறது. அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றம் செய்த பிறகு இரண்டு திசையிலும் சோதிக்க வேண்டும். உங்கள் சர்வரிலிருந்து எடுக்கும் ட்ரேஸ்ரூட் போகும் பாதையை மட்டுமே காட்டும். திரும்பும் பாதையைக் காண, மற்ற நெட்வொர்க்குகள் தங்கள் பக்கத்துப் பாதையைக் காட்டும் லுக்கிங் கிளாஸ் பக்கங்களும், பல நெட்வொர்க்குகளில் வைக்கப்பட்டுள்ள ரைப் அட்லஸ் அளவீட்டுக் கருவிகளும் இருக்கின்றன. மெதுவாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர் பக்கத்திலிருந்து ஒரு எம்.டி.ஆர். (பாதையையும் தாமதத்தையும் காட்டும் கருவி) வெளியீட்டைக் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூர்ச் சுற்று பெரும்பாலும் திரும்பும் பாதையில்தான் ஒளிந்திருக்கும்.

எட்டாம் படி: வடிகட்டிகள்

2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற வழியை அறிவித்தது. அது யூடியூபின் சொந்த /22 அறிவிப்புக்குள் இருந்த, அதைவிடக் குறுகிய தொகுதி. பி.ஜி.பி. எப்போதும் குறுகியதையே தேர்ந்தெடுக்கும். அவர்களின் ட்ரான்சிட் நிறுவனமான பி.சி.சி.டபிள்யூ. அதை வடிகட்டாமல் உலகத்துக்கு அனுப்ப, சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும் பகுதியில் யூடியூப் மறைந்தது. அந்தச் சங்கிலியில் ஒருவர் ஒரே ஒரு வடிகட்டி வைத்திருந்தாலும் அது நடந்திருக்காது.

நீங்கள் சிறிய நிறுவனம்தான். ஆனாலும் ஒரு ட்ரான்சிட்டிடம் வாங்கிய முழு அட்டவணையைத் தவறுதலாக இன்னொன்றுக்கு அறிவித்துவிட்டால், பெரிய நெட்வொர்க்குகளின் தரவு உங்கள் சிறிய போர்ட்டில் வந்து மோதும். ஆகவே, வெளியே அறிவிப்பது உங்கள் தொகுதிகளும் உங்கள் வாடிக்கையாளர் தொகுதிகளும் மட்டுமே என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு பியரிங் அமர்விலும் அதிகபட்ச வழிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். முகவரிகளின் உரிமைக்குச் சான்று தரும் ஆர்.பி.கே.ஐ. முறையில் உங்கள் தொகுதிகளுக்கு ரோவா பதிவுகளை, அதாவது எந்த ஏ.எஸ். எண் அவற்றை அறிவிக்கலாம் என்ற பதிவுகளை, உருவாக்குங்கள். அதில் உண்மையில் அறிவிக்கும் அளவை மட்டும் குறிப்பிடுங்கள். பின்னால் உதவும் என்று அதிகபட்ச நீளத்தைத் தாராளமாக விட்டால், போலி அறிவிப்புக்கு நீங்களே இடம் கொடுத்ததாகும். உள்ளே வரும் வழிகளில் செல்லாதவை என்று ஆர்.பி.கே.ஐ. சொல்பவற்றைக் கைவிடுங்கள். போலி முகவரியோடு உங்கள் சர்வர்களிலிருந்து பாக்கெட் வெளியேறாமல் விளிம்பிலேயே தடுங்கள். ஹோஸ்டிங் நிறுவனங்களின் இயந்திரங்கள்தாம் தாக்குதலுக்கு அதிகம் பயன்படுத்தப்படுகின்றன. இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் வேறொரு ஊரில் வேறொருவர் தொழில் முடங்கும்.

ஒன்பதாம் படி: தாக்குதல் வரும் நாளுக்கான ஏற்பாடு

உங்கள் ஒரு வாடிக்கையாளரைக் குறிவைத்து, போர்ட்டின் கொள்ளளவைவிடப் பல மடங்கு தரவு வந்தால் உங்கள் பக்கத்து ஃபயர்வால் பயன்படாது. குழாய் வெளியிலேயே நிரம்பிவிடும். அந்த ஒரு முகவரிக்கு வரும் தரவை ட்ரான்சிட் நிறுவனமே கைவிடும்படி, 65535:666 என்ற பிளாக்ஹோல் கம்யூனிட்டியோடு அதை அறிவிக்கலாம். 2016-இல் இது பொதுத் தரமாக வந்தது. சில நிறுவனங்கள் தங்களுக்கென்று வேறு எண் வைத்திருக்கின்றன. தாக்கப்பட்ட தளம் விழும், மற்ற எல்லோரும் பிழைப்பார்கள். தளமும் பிழைக்க வேண்டுமானால் தரவைச் சுத்திகரித்துத் தரும் சேவையை ட்ரான்சிட் நிறுவனத்திடம் தனியாக வாங்க வேண்டும். பியரிங்கில் அப்படிப்பட்ட பாதுகாப்பு கிடைக்காது. தாக்குதல் பரிமாற்ற மையப் போர்ட் வழியாக வந்தால் அந்த அமர்வைத் தற்காலிகமாக மூடத் தயாராக இருங்கள்.

பத்தாம் படி: ஒன்றை அணைத்துப் பார்ப்பது

இரண்டு ட்ரான்சிட்டும் ஒரு பரிமாற்ற மையமும் இருக்கின்றன. அவற்றில் எந்த ஒன்று விழுந்தாலும் மீதி இரண்டும் உச்ச நேரத் தரவைத் தாங்குமா? இரண்டு 10 கிகாபிட் ட்ரான்சிட்டிலும் தலா 7 கிகாபிட் ஓடினால், உங்களிடம் மாற்று வழி இல்லை. 14 கிகாபிட் 10 கிகாபிட்டுக்குள் நுழையாது. பியரிங் விழும்போதும் அதன் முழுத் தரவும் ட்ரான்சிட்டில்தான் வந்து சேரும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

பிறகு, வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, தரவு குறைந்த ஒரு பின்னிரவில் ஒரு ட்ரான்சிட்டின் ஃபைபரை உண்மையிலேயே பிடுங்குங்கள். பி.ஜி.பி. அமர்வை மென்பொருளில் மூடுவது வேறு சோதனை. அப்போது ரவுட்டர் மறுபக்கத்துக்கு முறையாகச் சொல்லிவிட்டே போகும். இடையில் ஒரு சுவிட்ச் இருந்தால், ஃபைபர் அறுந்தது மறுபக்கத்துக்குத் தெரியவே தெரியாது. மறுபக்கத்திலிருந்து செய்தி வரக் காத்திருக்கும் ஹோல்டு டைமர் முடியும்வரை, பல ரவுட்டர்களில் 90 அல்லது 180 விநாடி, தரவு வெற்றிடத்தில் விழுந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தைக் குறைக்க, இணைப்பு அறுந்ததை விரைவில் கண்டுபிடிக்கும் பி.எஃப்.டி.யை இயக்கும்படி ட்ரான்சிட் நிறுவனத்திடம் கேளுங்கள். இயக்கிய பிறகு மறுபடி பிடுங்கிப் பாருங்கள். ஃபைபரை மீண்டும் செருகும்போது பாதைகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றனவா என்பதையும், ஐ.பி.வி.6 தனியாகத் திரும்பி வந்ததா என்பதையும் அதே இரவில் சரிபார்த்துவிடுங்கள்.